பூசையில் வைத்த ரோபோக்கள்

எனக்குப் பொறாமை உண்டு. இதைச் சொல்லக் கூச்சப்படுகிறவர்கள் ஆதங்கம், மனவருத்தம், நியாயமான கேள்வி என்று வேறு பெயர் வைத்துக்கொள்வார்கள். எனக்கு அந்தக் கூச்சமெல்லாம் இல்லை. கலஹாவுக்குப் பக்கத்தில் ஒரு தமிழ்ப் பாடசாலையில் கணினி படிப்பிக்கிறேன். என் பொறாமைக்கு உரியவள் கண்டி நகரத்தில் இன்னொரு தமிழ்ப் பாடசாலையில் அதே பாடத்தைப் படிப்பிக்கிறாள். கல்வியியற் கல்லூரியில் இருவரும் ஒரே அறையில் இருந்தோம். நான் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டிலிருந்து போனவள், அவள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவள். மழைக்காலத்தில் என் கட்டிலுக்கு மேலே கூரை ஒழுகியது. அவளுடைய கட்டிலுக்கு மேலே ஒழுகவில்லை. அன்றைக்குத் தொடங்கியது.

படித்து முடித்ததும் அவள் ஊருக்குத் திரும்பிப் போய்விடுவாள் என்று நினைத்து நிம்மதியாக இருந்தேன். போகவில்லை. கண்டியில் வேலை பார்க்கிற ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டு இங்கேயே தங்கிவிட்டாள். வலயக் கல்வி அலுவலகத்தில் செமினார் வைக்கும் நாட்களில் அவளுடைய கணவர் வாசல்வரை காரில் கொண்டுவந்து இறக்குவார். நான் கலஹா பஸ்ஸில் நின்றுகொண்டே வருவேன். பேராதனையை எட்டும்போதே என் சேலை பிழிந்து போட்ட துணி மாதிரி ஆகிவிடும். அவளுடைய மடிப்பு மாலை வரை கலையாது. எந்தப் பசையைப் போடுகிறாள் என்று ஒருநாளும் நான் கேட்டதில்லை. கேட்டால் சொல்லிவிடுவாள், அதுதான் பிரச்சினை.

புதிய கல்விச் சீர்திருத்தம் பற்றிய முதல் செமினாருக்கும் அப்படித்தான் போனேன். ஓர் அதிகாரி திரையில் உலக உருண்டையைக் காட்டிப் பேசினார். ஒரு நாடு கணினியின் மூளையைச் செய்கிறதாம். இன்னொரு நாட்டுக்கு அது கிடைக்காமல் தடுக்கிறதாம். தடுக்கப்பட்ட நாடு தானே செய்து காட்டுகிறேன் என்று கிளம்பிவிட்டதாம். பக்கத்து நாடு பார்த்துக்கொண்டு சும்மா இருக்குமா, அதுவும் கிளம்பிவிட்டதாம். இந்த ஓட்டத்தில் நாம் பின்தங்கக்கூடாது, ஆகவே ஆறாம் வகுப்பிலிருந்தே செயற்கை நுண்ணறிவு, ரோபோ, இன்ன பிற. சிங்களத்தில் அவர் சொன்னதை இன்னொருவர் தமிழில் சொன்னார். எனக்கு இரண்டு தடவையும் நன்றாகவே விளங்கியது. அடுத்த கட்டிலுக்கு மேலே கூரை ஒழுகவில்லை என்பதுதான் இந்த நாடுகளுக்கும் கவலை. அதைப் பாடத்திட்டமாக அச்சடித்து எங்கள் கையில் தந்திருக்கிறார்கள்.

மத்தியானம் சோற்றுப் பார்சலைப் பிரிக்கும்போது அவள் எனக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"உமக்குத் தெரியுமே, எங்கட பள்ளிக்கூடத்துக்குச் சீனாவில இருந்து பெரிய ஸ்மார்ட் போர்ட் வந்திருக்கு. விரலால தொட்டா எழுதுது. ஒருக்கா வந்து பாருமன்."

"அப்படியா டீச்சர், ரொம்ப சந்தோஷம்" என்றேன். மீதிச் சோற்றை அப்படியே மடித்துக் காகத்துக்குப் போட்டேன்.

மறுநாள் எங்கள் பாடசாலை அதிபரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் காரியக்காரர். கூரைத் தகடு வேண்டுமென்றால் யாரிடம் கேட்பது, தண்ணீர்த் தாங்கி வேண்டுமென்றால் யாருடைய பெயரைக் கல்லில் வெட்டுவது என்று எல்லாம் தெரிந்தவர். சீக்கிரத்திலேயே தோட்டத்தில் நடந்த ஒரு திறப்பு விழாவுக்கு இந்தியாவிலிருந்து அதிகாரிகள் வந்தார்கள். மாலை போட்டு முடிந்து தேநீர் குடிக்கும்போது அதிபர் யாரிடமோ சொல்வதுபோல் சொன்னார்.

"கண்டியில சீனாக்காரங்க பெரிய போர்டு ஒன்னு குடுத்திருக்காங்களாம் சார். நம்ம பிள்ளைங்கதான் பாவம், கரும்பலகையையே பாத்துக்கிட்டு இருக்குதுங்க."

பிஸ்கட் தட்டை நீட்டினார், அவ்வளவுதான். சில மாதங்களில் லொறியில் ரோபோப் பெட்டிகள் வந்து இறங்கின. ஒவ்வொன்றிலும் கொடி ஒட்டியிருந்தது. சக்கரம், மோட்டார், கண் மாதிரி இரண்டு உணரி, எல்லாம் பூட்டினால் கோட்டைப் பார்த்து ஓடும் சின்ன வண்டி. பெட்டிகளை அடுக்கிப் படம் எடுத்து அவளுக்கு வட்ஸ்அப்பில் அனுப்பினேன். பார்த்துவிட்டாள் என்று நீலக் குறி காட்டியது. மறுநாள் காலையில்தான் பதில் வந்தது: "சந்தோசம்." ஒரே ஒரு சொல். அந்த நாள் முழுக்க நான் யாரையும் அடிக்கவில்லை, ஏசவுமில்லை. பிள்ளைகளே ஆச்சரியப்பட்டார்கள்.

ஆனால் அவளுடைய அதிபரும் தேநீர் குடிக்கிறவர்தானே. கொஞ்ச நாளில் அவர்களுக்குப் பிளாஸ்டிக்கை உருக்கிப் பொருட்களையே அச்சடித்து எடுக்கிற ஓர் இயந்திரம் வந்தது. பிறகு எங்களுக்கு மடிக்கணினிகள். இரண்டு பெரிய நாடுகள் ஒன்றையொன்று கடைக்கண்ணால் பார்த்துக்கொண்டு எங்கள் இருவருக்கும் சாமான் அனுப்பிக்கொண்டிருந்தன. அவளைவிட என்னிடம் அதிகம் இருக்கவேண்டும் என்று நான் ஆசைப்பட்டால் போதும், எங்கேயோ ஒரு தலைநகரத்தில் யாரோ கையெழுத்துப் போடுவார்கள் என்பதுபோல் இருந்தது. என் பொறாமைக்கு இவ்வளவு மரியாதை அதற்குமுன் கிடைத்ததில்லை.

அவளிடம் இல்லாத ஒன்று என்னிடம் இருந்தது. பதினொன்றாம் வகுப்பில் ஒரு பிள்ளை. அம்மா கொழுந்து எடுக்கிறவர், அப்பா கொழும்பில் ஒரு கடையில் நிற்கிறார். பெட்டியைப் பிரித்த அன்றே அவள் வண்டியைப் பூட்டிவிட்டாள். கையேடு ஹிந்தியிலும் ஆங்கிலத்திலும் இருந்தது, அவள் படங்களை மட்டும் பார்த்தாள். அலுவலகத்திலிருந்து வகுப்புவரை நடையில் கறுப்பு டேப் ஒட்டி, வண்டியின் முதுகில் வரவு இடாப்புப் புத்தகத்தை வைத்து அனுப்புவாள். கூரை ஒழுகித் தண்ணீர் தேங்கிய இடத்தில் வண்டி நின்றுவிடும். அந்த இடத்தைச் சுற்றி டேப்பை வளைத்து ஒட்டினாள். யார் வந்து கேட்டாலும் "எங்க டீச்சர்தான் சொல்லித் தந்தாங்க" என்பாள். நான் அவ்வளவு சொல்லிக் கொடுக்கவில்லை. இருந்தாலும் அவள் அப்படிச் சொல்லும்போது நான் மறுத்ததுமில்லை.

எங்கள் பாடசாலையில் பதினொன்றுக்கு மேலே உயர்தரத்துக்குக் கலையும் வர்த்தகமும் மட்டும்தான். தொழினுட்பப் பிரிவு கிடையாது. அந்தப் பிள்ளை சாதாரண தரப் பரீட்சையை முடித்தால் அடுத்தது என்ன என்பதே என் யோசனையாக இருந்தது. பிள்ளையின் அம்மாவிடம் பேசிப் பார்த்தேன்.

"டவுனுக்கெல்லாம் அனுப்ப மாட்டோங்க டீச்சர். பொம்பளப் பிள்ள, விடிஞ்சா பஸ்ஸு, பொழுது போனா பஸ்ஸு. இங்கயே இருந்தா படிக்கட்டும். இல்லாட்டி கொழும்புக்குத்தான், எங்க அக்கா மக கார்மண்டுல இருக்கா."

அந்தச் சமயத்தில்தான் செய்தி வந்தது. சீர்திருத்தத்தின் கீழ் எங்கள் பகுதியில் ஒரு தமிழ்ப் பாடசாலைக்குப் புதிய ஆய்வுகூடமும் தொழினுட்பப் பிரிவும் தரப்போகிறார்கள். ஒன்றுக்குத்தான். வந்த சாமான்களை யார் நன்றாகப் பயன்படுத்துகிறார்கள் என்று நேரில் பார்த்து முடிவு செய்வார்கள். பார்க்கப் போகும் பாடசாலைகள் இரண்டு: அவளுடையது, என்னுடையது. எங்களுக்குக் கிடைத்தால் பிள்ளை என்னிடமே இருப்பாள். கிடைக்காவிட்டால் கொழும்பில் தையல் மெஷினுக்கு முன்னால் உட்காருவாள். என் பொறாமைக்கு அதுவரை இருந்த காரணங்கள் சில்லறை. இப்போதுதான் அதற்கு ஒரு நல்ல காரணம் கிடைத்தது.

பார்க்க வருவது நவராத்திரிக் காலத்தில் என்று சொன்னார்கள். அதிபருக்கு உடனே மூளை வேலை செய்தது.

"வாணி விழா அன்னைக்கே வரச் சொல்லுவோம் டீச்சர். பந்தல் ஒன்னு, மாலை ஒன்னு, பொங்கல் ஒன்னு. ரெண்டு செலவு எதுக்கு?"

நானும் தலையை ஆட்டினேன். வாணி விழா அன்று எங்கள் பிள்ளைகள் அலங்காரத்தில் யாருக்கும் குறைந்தவர்கள் இல்லை. சரஸ்வதி படத்துக்கு முன்னால் வெள்ளைத் துணி விரித்து, புத்தகங்கள், சுருதிப்பெட்டி, கிரிக்கெட் மட்டை, ஆய்வுகூடத்துத் தராசு எல்லாவற்றையும் அடுக்கினார்கள். ரோபோ வண்டிகளை நடுவில் நானே என் கையால் வைத்தேன். ஒன்றுவிடாமல் எல்லாவற்றையும் வைத்தேன். அந்த வருடம் எங்களிடம் இருந்ததிலேயே பெரிய ஆயுதம் அதுதானே. கோவில் பூசாரி வந்து தீபம் காட்டி, வண்டிகளின் இரண்டு கண்ணுக்கும் நடுவில் சந்தனம் வைத்துக் குங்குமம் இட்டார். பார்க்க அவ்வளவு லட்சணமாக இருந்தன.

விருந்தினர் வந்தார்கள். இந்தியாவிலிருந்து வந்த இரண்டு பேர், மாகாணத்திலிருந்து ஒரு பெரிய அதிகாரி, வலயத்திலிருந்து சிலர். மாலை, பொட்டு, பேச்சு எல்லாம் முடிந்தது. மாகாண அதிகாரி சிரித்துக்கொண்டே சிங்களத்தில் கேட்டார்: "எங்கே, அந்த வண்டியைக் கொஞ்சம் ஓட்டிக் காட்டுங்கள் பார்ப்போம்."

அப்போதுதான் எங்கள் எல்லோருக்கும் உறைத்தது. பூசையில் வைத்ததை விஜயதசமி அன்று காலையில் பூசை செய்து எடுக்கும்வரை யாரும் தொடமாட்டோம். புத்தகத்தையே தொடமாட்டோம். பரீட்சை இருக்கிற பிள்ளைகூட அன்றைக்குப் படிக்காது. அதிபர் என்னைப் பார்த்தார். நான் பூசாரியைப் பார்த்தேன். பூசாரி சரஸ்வதியைப் பார்த்தார். பிள்ளை முன்னால் வந்து வண்டியை நோக்கிக் கையை நீட்டினாள். பின்வரிசையிலிருந்து அவளுடைய அம்மாவின் குரல் கேட்டது.

"ஏய், தொடாதடி! பூசையில வச்சத எடுப்பாங்களா?"

அவள் கையை இழுத்துக்கொண்டாள். என்னைப் பார்த்தாள். எடு என்று நான் சொல்லியிருந்தால் எடுத்திருப்பாள். நானும் சரஸ்வதியைப் பார்த்தேன். அதிகாரிக்கு முன்னால் துணிச்சலாக இருக்கலாம். சரஸ்வதிக்கு முன்னால் எப்படி இருப்பது? சின்ன வயதிலிருந்து அந்த ஒரு நாளில் பென்சிலைக்கூடத் தொடாதவள் நான்.

இந்தியாவிலிருந்து வந்தவர்களில் ஒருவர் தமிழர். அவர் பலமாகச் சிரித்தார். "எங்க ஊர்லயும் அப்படித்தாம்மா. ஆயுத பூஜைக்கு வண்டி சாவியக்கூட தர மாட்டாங்க" என்று சொல்லிக் கடலையை அள்ளி வாயில் போட்டார். எனக்கு உயிர் வந்தது. கொடுத்தவர்களே சரி என்கிறார்கள், பிறகென்ன? ஆனால் முடிவு செய்கிறவர் அவரில்லை. மாகாண அதிகாரி குனிந்து வண்டிகளைப் பார்த்தார். சந்தனம், குங்குமம், மேலே செவ்வந்தி இதழ்கள். துடைத்து வைத்ததால் புதுசாக மின்னின. நடையில் ஒட்டியிருந்த கறுப்பு டேப்பைக் கோலமாவு மறைத்திருந்தது. திரும்பிப் போகும்போது பக்கத்தில் இருந்தவரிடம் சிங்களத்தில் மெதுவாகச் சொன்னார். எனக்குச் சிங்களம் தெரியாது என்று நினைத்திருப்பார்.

"இவர்கள் இதைக் கும்பிடத்தான் வைத்திருக்கிறார்கள்."

பொய்யும் இல்லை, உண்மையும் இல்லை. வாகனத்தின் கதவைச் சாத்திவிட்டார்கள்.

மறுநாள் கண்டியில் அவளுடைய பாடசாலையிலும் வாணி விழா. அங்கேயும் அவர்கள் போனார்கள். பின்னேரம் அவளே தொலைபேசியில் அழைத்தாள். எங்கள் பாடசாலையில் நடந்தது அதற்குள் அவளுக்குத் தெரிந்திருந்தது.

"என்னப்பா, நீர் எல்லாத்தையும் பூசைக்கு வைச்சிட்டீராம்?"

"ஏன், நீங்க வைக்கலியா டீச்சர்?"

"நான் பெட்டியை மட்டும் வைச்சனான். வெறும் பெட்டி. சாமானை மேசையில விட்டனான். அவை வந்த நேரம் மெஷின் சின்ன வீணை ஒண்டு அச்சடிச்சுக்கொண்டு நிண்டது. எல்லாரும் கனக்கச் சந்தோசப்பட்டவை." சிரித்தாள். "சரஸ்வதி அம்மாளுக்கு விளங்கும்தானே."

வெறும் பெட்டி! எனக்கு ஏன் அது தோன்றவில்லை? ஸ்மார்ட் போர்ட் வந்தபோது வயிறு எரிந்தது. அச்சடிக்கிற இயந்திரம் வந்தபோதும் எரிந்தது. ஆனால் அவையெல்லாம் யாரோ கொடுத்தவை, எனக்கும் யாரோ கொடுக்கலாம். இந்த யோசனை அவளுடைய தலைக்குள் இருந்து வந்தது. அதை எந்த நாடு எனக்கு லொறியில் அனுப்பும்? அப்படி வைக்கலாமா என்று பூசாரியிடம் போய்க் கேட்டேன். கூடாது, சாமி குற்றம் என்று சொல்வார் என நம்பினேன். "மனசு இருந்தாப் போதும் டீச்சர், பெட்டியா இருந்தா என்னா" என்றார். அவரோடும் கோபித்துக்கொண்டு வந்தேன்.

ஆய்வுகூடம் அவளுக்குப் போனது. தொழினுட்பப் பிரிவும் போனது. பரீட்சை முடிவு வந்தபோது பிள்ளை நன்றாகச் செய்திருந்தாள். நம் பாடசாலையிலேயே வர்த்தகம் படிக்கட்டும், கணினியை நான் தனியாகப் பார்த்துக்கொள்கிறேன் என்று அம்மாவிடம் சொல்லி வைத்தேன். பிள்ளை டேப் சுருளை விரலில் மாட்டிச் சுற்றிக்கொண்டு நின்றாள்.

இரண்டு நாள் கழித்து மறுபடியும் கண்டியிலிருந்து அவளுடைய அழைப்பு.

"அந்தப் பிள்ளைக்கு இந்தப் பாடம்தான் சரி. பஸ்தான் பிரச்சினை எண்டா எங்கட வீட்டில விடும். மகளின்ர அறையில இருக்கலாம். வெள்ளிக்கிழமை பின்னேரம் பஸ் ஏத்தி விடுறன், ஞாயிறு வரட்டும். நீர் ஒருக்காத் தாயோட கதையும். உம்மட சொல்லைத்தான் அவ கேப்பா."

நான்தான் கதைக்க வேண்டுமாம். என் பிள்ளையை நானே கூடையில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். லயத்துக்குப் போய்ச் சொன்னேன். அம்மா கூடைக் கயிற்றைச் சரிசெய்துகொண்டே கேட்டார்.

"வீட்டு வேலைக்காங்க டீச்சர்?"

அந்தக் கேள்விக்குக் காரணம் உண்டு. எங்கள் தோட்டங்களிலிருந்து டவுன் வீடுகளுக்குப் போன பிள்ளைகள் எதற்குப் போனார்கள், எப்படித் திரும்பினார்கள் என்று எங்களுக்குத் தெரியும். தெரியல என்று நான் சொல்லியிருந்தால் போதும், பேச்சு அங்கேயே முடிந்திருக்கும். பிள்ளை கதவுக்குப் பக்கத்தில் நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்லம்மா. படிக்க" என்றேன். என் வாழ்க்கையில் நான் பேசிய சொற்களில் அதுதான் கனமானது.

பிள்ளை கண்டிக்குப் போய்ச் சேர்ந்த அடுத்த மாதம், சொல்லாமல் கொள்ளாமல் அந்த வீட்டுக்குப் போனேன். பிள்ளையின் கையில் ஒரு தும்புத்தடியையோ விளக்குமாற்றையோ பார்க்க வேண்டும் என்றுதான் போனேன். பார்த்திருந்தால் அந்த நிமிடமே கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு வந்திருப்பேன், யாருக்கும் பயப்பட வேண்டியதில்லை. ஜன்னலோரத்தில் அவளுக்கென்று ஒரு மேசை, ஒரு கதிரை, மேசை விளக்கு. அலுமாரியில் ஒரு தட்டு அவளுக்கு. தேநீர் குடித்த கோப்பையைக் கழுவப் பிள்ளை எழும்பினாள். "உந்தக் கோப்பையை வையும், போய்ப் படியும்" என்று வீட்டுக்காரி விரட்டினாள். அவளே என் கோப்பையையும் சேர்த்துக் கழுவினாள். அவளுடைய சேலை அப்போதும் கசங்கியிருக்கவில்லை. நான் கொண்டுபோன வாழைப்பழத்தை மேசையில் வைத்துவிட்டுக் கலஹா பஸ்ஸைப் பிடித்தேன்.

இந்த வருட வாணி விழாவுக்குப் பிள்ளை வந்திருந்தாள். வந்தவுடனே ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டாள், யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. விருந்தினர் யாரும் இல்லை. நாடுகளுக்கு வேறு ஏதோ போட்டி வந்துவிட்டது. சீர்திருத்தத்தைத் திருத்துவதாகச் செமினாரில் சொன்னார்கள். ஆறாம் வகுப்பிலிருந்தா, பத்தாம் வகுப்பிலிருந்தா என்று இன்னும் முடிவாகவில்லை. பந்தலும் சின்னதுதான். நான் வெள்ளைத் துணியை விரித்து வழக்கம்போல் வண்டிகளை ஒவ்வொன்றாகச் சரஸ்வதிக்கு முன்னால் வைத்தேன்.

பிள்ளை வந்து உட்கார்ந்து, வைத்த வண்டிகளை ஒவ்வொன்றாக எடுத்தாள். பூசாரி இன்னும் வந்திருக்கவில்லை. வெறும் பெட்டிகளை மூடி நேராக அடுக்கிவிட்டு, வண்டிகளை நடையில் நின்ற சின்னப் பிள்ளைகளின் கையில் கொடுத்தாள். அவை டேப்பைப் பிடித்துக்கொண்டு ஓடத் தொடங்கின, பிள்ளைகள் பின்னால் ஓடினார்கள்.

"என்னா பிள்ள செய்யிற?" என்றேன்.

"பெட்டி போதுங்க டீச்சர்" என்றாள், பூவைச் சரிசெய்துகொண்டே. "எங்க டீச்சர் பெட்டியத்தான் வைப்பாங்க."

எந்த டீச்சர் என்று நான் கேட்கவில்லை. நான் ஒரு வருடமும் வெறும் பெட்டியை வைத்ததில்லை.